அயலவரிடம் விசாரித்தது

அல்பேட்டுக்குத் தமிழ் தெரியும். இதுவும் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். சிலாபத்துக்கு வடக்கே கடற்கரையில் பிறந்து, தாயிடம் தமிழில் ஏச்சு வாங்கி, தமிழில் செபம் படித்து வளர்ந்தவனுக்குத் தமிழ் தெரியாமல் வேறென்ன தெரியும்? ஆனால் அவனோடு சேர்ந்து பதினைந்து வருடமாக மண் துளைத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. அவர்களுக்கு அவன் பெர்னாண்டோ பாஸ். சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், சிங்களத்தில் பகிடி விடுகிறவன், கோபம் வந்தால் சிங்களத்தில் மட்டுமே ஏசுகிறவன்.

காரணம் இல்லாமல் இல்லை. தொண்ணூற்றேழில் கொழும்பில் ஒரு குண்டு வெடித்த மறுநாள், ஒரு கடைத் தொலைபேசியில் தாய் மக்தலேனாவோடு தமிழில் கதைத்தான். ஊரில் கிழவி செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்து, தான் உயிரோடு இருப்பதைச் சொல்லத்தான் எடுத்தான். பக்கத்தில் நின்ற யாரோ அதைக் கேட்டுப் பொலிசில் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள். பங்குச் சுவாமியின் கடிதமும் சிங்களவருக்கும் உள்ள பெர்னாண்டோ என்ற பெயரும் சேர்ந்துதான் அவனை வெளியே எடுத்தன. வெளியே வந்த அன்றே தமிழை வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டான்.

அந்தப் பயத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. குறை சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை. சண்டை முடிந்து மூன்று வருடமாகியும் அவன் வாயைத் திறக்கவில்லை. பயம் போய்விட்டது, பொய் மட்டும் தங்கிவிட்டது. பதினைந்து வருடம் ஒரே சட்டியில் சோறு தின்றவர்களிடம் போய், இவ்வளவு நாளும் உங்களிடம் நடித்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? மனைவி றோசமேரி கைபேசியில் கூப்பிட்டால் நூறு யார் தூரம் தள்ளிப்போய் நின்று, வாயைக் கையால் மூடிக்கொண்டு கதைப்பான். பாஸுக்கு எங்கேயோ ஒரு சின்னவீடு இருக்கிறது என்று கூட்டத்துக்குள் பகிடி. அவனும் சிரித்துவைப்பான். தாலி கட்டிய பெண்சாதியையே கள்ளப் பெண்சாதியாக்கி வைத்திருந்த மனிதன் அவன்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆவணியில் கொம்பனி அவனை அவன் பிறந்த கரைக்கே அனுப்பியது. முந்தலில் தொடங்கிக் கரையோரமாக வடக்கே கரைத்தீவுப் பக்கம் வரை உயர் அழுத்த மின்கம்பி போக இருந்தது. கம்பி வளையும் இடங்களிலும் சந்தேகமான நிலங்களிலும், கோபுரம் நிற்கப்போகும் மண்ணைத் துளைத்துப் பார்க்க வேண்டும். மூன்று கால் சட்டம் ஒன்றை நிறுத்தி, குழாயை மண்ணில் வைத்து, அறுபத்துமூன்றரைக் கிலோச் சம்மட்டியை ஒரே உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிடுவார்கள். குழாய் ஓரடி இறங்க எத்தனை தரம் விழ வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். நாற்பது என்றால் நல்ல நிலம். நாலு என்றால் சேறு. சம்மட்டி விழுமுன்பே குழாய் தன்பாட்டில் இறங்கினால், அங்கே கோபுரம் கட்டப்போகிறவன் தலையில் கைவைத்துக்கொண்டு குந்த வேண்டியதுதான்.

இந்தக் கரையின் நிலம் பார்வைக்குச் சாது. மேலே வெள்ளை மணல், அதற்குக் கீழே களப்புச் சேறு, அதற்கும் கீழே ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புக் கல். மாரியில் களப்பு நீர் ஏறி வரும். காற்றுக் காலத்தில் கடல் கரையைத் தின்னும். போதாததற்கு மனிதர்களும் தோண்டியிருக்கிறார்கள்: இறால் குளம், உப்புப் பாத்தி, தேங்காய் மட்டை ஊறப்போடும் கிடங்கு, கிணறு. தோண்டியவர்கள் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். மூடியதன் மேல் புல் முளைத்துவிடும். நாலங்குலத் துளை அதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கும்?

இப்படிக் கேட்டவள் ஷானிகா. கூட்டத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர். இருபத்தேழு வயது, கண்டிப் பக்கத்துப் பிள்ளை. தமிழில் ஒரு சொல் தெரியாது. தெரியாததை மறைக்கவும் தெரியாது. துளைப் படிவத்தில் அவளாகவே ஒரு கட்டம் கீறிச் சேர்த்திருந்தாள்: ‘அயலவரிடம் விசாரித்தது. கிணறு, குழி, நிரப்பிய நிலம், வெள்ளம்.’

“நமது துளை நாலு அங்குலம், பாஸ். கோபுரத்தின் கால்கள் முப்பது அடி அகலத்தில் நிற்கும். மிச்ச நிலத்தைப் பற்றி அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். நீங்கள் மூத்தவர், உங்களிடம் சொல்வார்கள்” என்று சிங்களத்தில் சொல்லி, விசாரிக்கும் வேலையை அல்பேட்டின் தலையில் கட்டினாள்.

அல்பேட் விசாரித்தான். எப்படி விசாரித்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வீட்டுப் படலையில் நின்று சிங்களத்தில் கேட்பான். சிங்களம் தெரிந்தவர்கள் பதில் சொன்னார்கள், அதை எழுதினான். தெரியாதவர்கள் தமிழில் சொன்னார்கள். அவர்களுக்கு விளங்காதவன்போலத் தலையை ஆட்டிவிட்டு, கட்டத்துக்குள் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினான். முதல் வீட்டில் அப்படி எழுதும்போது கை கூசியது. ஐந்தாவது வீட்டில் கூசவில்லை. கூசாமல் போனதைப் பெரிய விஷயமாக அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

இருபத்தெட்டாவது இடம் கரைத்தீவில், களப்போரமாக ஒரு வெளி. தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள் முதலில் ஓலைக் கொட்டில் போட்டு இருந்த இடம். ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு ஆளுக்கொரு துண்டுக் காணி கிடைத்து, கொஞ்சம் தள்ளிக் கல்வீடு கட்டிப் போய்விட்டார்கள். இப்போது அங்கே மணலும் முள்மரமும் நாலைந்து ஆடும்தான். நடுவில் அளவைக்காரர்கள் அடித்துவிட்டுப் போன சிவப்புத் தலை முளை.

தண்ணீர் சுமக்க அயலில் ஒரு ஆளைப் பிடித்தார்கள். ஜபார் என்று பெயர். ஐம்பது வயது, களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சு வலை எறிகிறவர். மூன்று நாள் வேலை. வேலைக்குத் தேவையான அளவு சிங்களம் அவரிடம் இருந்தது. இங்கே பழைய கிணறு, குழி ஏதும் உண்டா என்று அல்பேட் கேட்டதற்கு, தூரத்தில் ஒரு கல்லைக் காட்டி, அங்கே ஒரு கிணறு இருந்தது, மூடிவிட்டோம், வேறு ஒன்றும் இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பத்து மணிபோல அவருடைய மனைவி மஹ்மூதா போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஜபார் கயிறு எடுக்க ரோட்டுப் பக்கம் போயிருந்தார். போத்தலை வைத்துவிட்டுத் திரும்பியவள், முளையையும் அதற்கு மேலே நிறுத்திக்கொண்டிருந்த மூன்று கால் சட்டத்தையும் கண்டு நின்றுவிட்டாள்.

“எபா” என்றாள், தன்னிடமிருந்த சிங்களத்தில். “மெத்தன எபா.” வேண்டாம், இங்கே வேண்டாம்.

ஷானிகா குடைக்குக் கீழிருந்து எழுந்து வந்து ஏன் என்று கேட்டாள். மஹ்மூதாவின் சிங்களம் அந்த இடத்தோடு முடிந்துவிட்டது. மீன் விற்க, மரக்கறி வாங்கப் போதுமான சிங்களம், இதற்குப் போதாது. சுற்றிலும் பார்த்தாள். மேற்சட்டை இல்லாமல் கூட்டத்தின் இரண்டு பொடியன்கள் நின்றார்கள். அவர்களை விட்டுவிட்டு, வயதில் மூத்தவனாகத் தெரிந்த அல்பேட்டிடம் வந்தாள். அவன் கழுத்தில் கிடந்த மாதா உத்தரியத்தைப் பார்த்தாள்.

“தம்பி, உங்களப் பாத்தா எங்கட பக்கத்து வேதக்கார ஆள் மாதிரி இரிக்கு. தமிழ் விளங்கும்தானே?”

பொடியன்களில் ஒருவன் சிரித்தான். “பாஸ், அக்கா உங்களோடு சொந்தம் கொண்டாடுகிறார் போலிருக்கிறது” என்றான் சிங்களத்தில். அல்பேட்டுக்குக் காது சுட்டது. தமிழ் தெரியாது என்று சிங்களத்தில் சொல்லித் தலையாட்டினான். அவள் விடவில்லை. விளங்குகிற அளவுக்கு விளங்கட்டும் என்று, முக்காட்டு நுனியால் வாயை மறைத்துக்கொண்டு, கையாலும் காட்டிக் காட்டி மெல்லச் சொன்னாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்தே சொன்னாள்.

“கேம்ப் காலத்தில இது பொம்பிளையள்ட வேலிக்குள்ள இருந்த எடம் தம்பி. கக்கூசுக் கிடங்கு. இந்த முளையில இருந்து அந்த முள்ளுமரம் மட்டும் வரிசையா எட்டுக் கிடங்கு. தார்ப் பீப்பாப் பரல ஒண்டுக்கு மேல ஒண்டா நாங்க பொம்பிளையள்தான் எறக்கி வெச்சம். விட்டுட்டுப் போகேக்க, புள்ளையள் விழுந்திரும் எண்டு மேல தென்னங்குத்தி போட்டு மணலால மூடினம். உள்ளுக்கு வெறும் குழிதான். ஆம்பிளையளுக்கு இது தெரியா. அவங்க இந்தப் பக்கம் தலவெச்சிம் படுக்கமாட்டாங்க. எங்கட அவருக்குக் கூடத் தெரியா.”

ஒரு சொல் விடாமல் அவனுக்கு விளங்கியது. இருபத்திரண்டு வருடமாகப் பெண்கள் தங்களுக்குள் மட்டும் வைத்திருந்த விஷயம் அது. அந்நிய ஆணிடம் அதைச் சொல்ல அவள் எவ்வளவு கூசினாள் என்பதும் விளங்கியது.

“பாஸ், என்ன சொல்கிறார்?” என்று ஷானிகா கேட்டாள்.

எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை நிமிடத்துக்கு முன்புதான் தமிழ் தெரியாது என்று சொன்னவன். கைச்சாடையிலிருந்து விளங்கியது, கீழே பழைய குழி இருக்கிறதாம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள். அந்தப் புத்தி அவனுக்குப் பிறகுதான் வந்தது. தேவையான நேரத்தில் வராத புத்தி இருந்தென்ன, இல்லாமற் போயென்ன.

“காணிப் பிரச்சினை, மிஸ். தங்களுடைய நிலமாம். கோபுரம் வேண்டாமாம்” என்றான்.

ஷானிகா பெருமூச்சு விட்டாள். வழி நெடுகக் கேட்ட கதை. காணிக்காரர் வேறு, நாங்கள் வேறு என்று மஹ்மூதாவைப் பார்த்துச் சிங்களத்தில் பணிவாகச் சொன்னாள். அது மஹ்மூதாவுக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அல்பேட் செய்ததுதான் கூடுதலான கேவலம். சட்டத்தின் ஒரு கால் வேரில் நிற்கிறது என்று சொல்லி, துளையை முளையிலிருந்து எட்டடி களப்புப் பக்கமாக நகர்த்தச் சொன்னான். அவள் காட்டிய வரிசைக்கு வெளியே. தன் ஆட்களுக்கு ஒன்றும் நடக்கக்கூடாது என்று நினைத்தான். சட்டம் நகர்ந்ததைப் பார்த்து மஹ்மூதாவின் முகம் தெளிந்தது. வாயால் விளங்காவிட்டாலும் கையால் காட்டியது விளங்கிவிட்டது என்று நினைத்தாள்.

“அல்லா உங்கள நல்லா வெப்பான் தம்பி” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். புருஷனிடம் அதைப் பற்றி வாய்விட்டுச் சொல்லும் சங்கடம் தனக்கு மிச்சம் என்று நினைத்திருப்பாள்.

எட்டடி தள்ளி நிலம் நன்றாக இருந்தது. பதினொன்று, பதினெட்டு, முப்பது. பன்னிரண்டாவது அடியில் சுண்ணாம்புக் கல். அல்பேட் எண்களை எழுதினான். துளை இருந்த இடம் என்ற கட்டத்தில் ‘முளையில்’ என்று எழுதினான். அயலவரிடம் விசாரித்தது என்ற கட்டத்தில் ‘ஒன்றுமில்லை, காணி ஆட்சேபம்’ என்று எழுதினான். அத்திவாரம் தோண்ட வருகிறவர்கள் எப்படியும் கண்டுகொள்வார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்று பின்னேரம் றோசமேரி கூப்பிட்டபோது தொலைபேசியை எடுக்கவில்லை.

மறுநாள் காலை கல்லைத் துளைக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. டிரக்டர் ஒன்று தண்ணீர்த் தாங்கிப் பவுசரை இழுத்துக்கொண்டு வந்தது. எந்தப் பக்கம் போகக்கூடாது என்று சாரதிக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பான். அதனால் அல்பேட் சொல்லவில்லை. மற்றப் பக்கத்தால்தானே வருவான் என்று நம்பிக்கொண்டு குழாயைப் பூட்டிக்கொண்டிருந்தான். சாரதியோ நிழலைக் கண்டு நேரே முள்மரத்தடிக்கு விட்டான். ஜபார் வாளியோடு பவுசருக்குப் பின்னால் நடந்துபோனார்.

அல்பேட் நிமிர்ந்து பார்த்தபோது பவுசரின் சில்லு கொஞ்சம் தாழ்ந்திருந்தது. ஜபார் அந்தப் பக்கமாகக் குனிந்து குழாயைத் திறந்துகொண்டிருந்தார். கத்துவதற்கு நேரம் இருந்தது. கத்தினான். “அஹகட வென்ன!” விலகு என்பதைச் சிங்களத்தில் கத்தினான். நெஞ்சு பதறினால் தாய்மொழிதான் வரும் என்பார்கள். அவனுக்கு வரவில்லை. பதினைந்து வருடப் பழக்கம் அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தது. ஜபார் விலகவில்லை. தன்னைத்தான் என்னவோ கேட்கிறார்கள் என்று நினைத்து, வாளியை வைத்துவிட்டுத் திரும்பி, “மொகத மஹத்தயா?” என்ன ஐயா என்று மரியாதையாகக் கேட்டார்.

அந்தக் கணத்தில் கீழே உக்கிப்போயிருந்த தென்னங்குற்றிகள் முறிந்தன. சில்லு இடுப்பளவுக்கு இறங்கியது. பவுசர் சரிந்து அவருடைய இடது காலின் மேல் படுத்தது.

சட்டத்தின் குழாய்களைக் கழற்றி நெம்புகோலாக வைத்து, எல்லாருமாகத் தூக்கி அவரை இழுத்தெடுத்தார்கள். புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் தலை அல்பேட்டின் மடியில் கிடந்தது. “உம்மா, உம்மா” என்று முனகிக்கொண்டே போனார். ஆறுதலாக ஒரு சொல் சொல்ல அல்பேட்டுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் தமிழில்தான் சொல்ல வேண்டும்.

அன்றிரவே முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் பகல், விபத்து அறிக்கை எழுத ஷானிகா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அல்பேட்டையும் கூட்டிக்கொண்டு போனாள். வார்ட்டுக்கு வெளியே நீள வாங்கில் மஹ்மூதா இருந்தாள். பக்கத்தில் அவளுடைய தங்கை மகள் லெய்லா, புத்தளத்தில் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். சிங்களமும் தமிழும் அவளுக்கு ஒன்றுபோல வரும். ஷானிகா கேட்பதைத் தமிழில் சொல்லி, மஹ்மூதா சொல்வதைச் சிங்களத்தில் சொன்னாள்.

குழி இருந்தது உங்களுக்குத் தெரியுமா என்பது கேள்வி.

“தெரியும்” என்றாள் மஹ்மூதா. அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது. “அந்தத் தம்பிட்டச் சொன்னன். அவர்ல பிழை ஒண்டுமில்ல, அவருக்குத் தமிழ் தெரியா. ஆனா நான் கையால காட்டினதுக்கு அந்த மூண்டு கால அப்பால நகத்தினாரு. வெளங்கிட்டு எண்டு நினைச்சன். பிழை எனக்கிட்டத்தான். என்ட மாப்பிளட்ட ஒரு சொல்லு சொல்லியிருந்தா அந்தப் பக்கம் போயிருக்கமாட்டாரு. கக்கூசுக் கதைய எப்பிடி அவர்ட சொல்ற எண்டு வெக்கப்பட்டு இருந்துட்டன். என்ட வெக்கம் அவர்ட கால எடுத்துட்டு.”

லெய்லா அதைச் சிங்களத்தில் சொன்னாள். ஷானிகாவின் பேனை நின்றது.

“நகர்த்தினாரா?” என்றாள். படிவத்தை எடுத்துப் பார்த்தாள். முளையில் என்று எழுதியிருந்தது. “பாஸ், துளையை ஏன் நகர்த்தினீர்கள்?”

வேர் என்ற பதில் நாக்கு நுனியில் ஆயத்தமாக இருந்தது. ஷானிகா நம்பியிருப்பாள். பொடியன்களும் ஆம் என்றிருப்பார்கள், அவர்களுக்கும் அதுதானே சொல்லப்பட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அல்பேட் வாயைத் திறக்காமலே இவ்வளவு தூரம் கெட்டு வந்தவன், இன்னொரு முழம் கெட்டுப்போவது அவனுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் அந்த மனுஷி தன் கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தாள். அவன் தின்ன வேண்டிய அடி அது.

“அக்கா” என்றான். “அடிக்காதீங்க. உங்கள்ல பிழை இல்ல. எனக்குத் தமிழ் தெரியும். நீங்க சொன்னது எனக்கு விளங்கினது.”

அவனுடைய கடற்கரைத் தமிழ் அந்த ஆஸ்பத்திரி நடையில் பச்சையாகக் கேட்டது. லெய்லா சிங்களத்தில் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றாள். மஹ்மூதா கையை இறக்கினாள். முதல் தரமாக அவன் முகத்தை நேரே பார்த்தாள்.

“முழுக்கவா?” என்றாள்.

“ஓம் அக்கா.”

“எட்டுக் கிடங்கு எண்டது?”

“ஓம்.”

“எங்கட அவருக்குத் தெரியா எண்டது?”

அவன் தலையை மட்டும் அசைத்தான். அவள் எழுந்து வார்ட்டுக்குள் போய்விட்டாள். ஏசியிருந்தால், செருப்பைக் கழற்றியிருந்தால், அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

மிச்சத்தை லெய்லா ஷானிகாவுக்குச் சொன்னாள். ஷானிகாவும் ஏசவில்லை. கோப்பைத் திறந்து, படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முந்தலிலிருந்து தொடங்கி எல்லாம் அவனுடைய அழகான கையெழுத்து.

“இதில் எத்தனை ஒன்றுமில்லை உண்மை, பாஸ்?” என்று கேட்டாள்.

“இதைத் தவிர இன்னும் பதினொரு இடம் பொய், மிஸ்” என்றான். எண்ணிப் பார்க்க நேரம் எடுக்கவில்லை. ஒவ்வொரு படலையும், யார் என்ன சொன்னார்கள் என்பதும் அவனுக்கு நினைவிருந்தது. கேட்டதை மறக்கிற பாக்கியம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

ஷானிகா அவனை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அது கொம்பனி பார்த்துக்கொள்ளும், இந்தப் பதினொரு வீட்டுக்கும் நீங்களே வந்து, அவர்கள் சொல்வதைத் தமிழில் கேட்டு எனக்குச் சொல்லவேண்டும் என்றாள். மறுநாளே தொடங்கினார்கள். முதல் வீடு முந்தலில் அந்தோனிப்பிள்ளை என்ற தென்னந்தோட்டக்காரர் வீடு. அல்பேட்டைக் கண்டதும் அவர் செவிடனோடு கதைப்பதுபோல உரத்து, உடைந்த சிங்களத்தில் தொடங்கினார். அன்றைக்கும் அப்படித்தான் பாடுபட்டார்.

“தமிழிலயே சொல்லுங்கோ ஐயா” என்றான் அல்பேட்.

அந்தோனிப்பிள்ளை நிறுத்தினார். அவனை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க முளை அடிச்சிருக்கிறது பழைய இறால் குளம். நோய் வந்து இறால் செத்தாப் பிறகு தும்பும் மண்ணும் போட்டு மூடினது. அண்டைக்கே சொன்னன்தானே? நீங்க மாடு மாதிரித் தலைய ஆட்டிட்டுப் போனீங்க. பாவம், விளங்கேல்ல எண்டு நினைச்சன்” என்றார். பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம், “றீற்றா, இவர் நம்மட ஆளாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அல்பேட்டுக்கு அந்த முற்றத்திலேயே நிலம் இறங்கினால் நல்லது என்றிருந்தது.

பதினொரு வீட்டிலும் இதே கதைதான். ஓரிடத்தில் மார்கழியில் களப்பு முழங்கால் வரை ஏறுமாம். ஓரிடத்தில் மட்டைக் கிடங்கு. இன்னோரிடத்தில் கிணறு வெட்டும்போது கல்லுக்குள் ஒரு பொந்து வந்து, கயிறும் வாளியும் அதற்குள் போனதாம். ஏழு கோபுரங்களின் இடத்தை மாற்ற வேண்டியிருந்தது. கூட்டத்துக்குள் யாரும் அவனை ஒதுக்கவில்லை. ஆனால் பகிடி விடுவது நின்றுபோனது. சின்னவீட்டுக் கதையை முதலில் கிளப்பிய பொடியன் ஒருநாள் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே, “சொல்லியிருந்தால் நாங்கள் உங்களை என்ன செய்திருப்போம் பாஸ்?” என்று கேட்டான். அவனுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. ஒன்றும் செய்திருக்கமாட்டார்கள் என்பதுதான் பதில்.

ஒன்பதாம் நாள் தோடம்பழமும் பால்மாப் பெட்டியும் வாங்கிக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனான். பஸ்ஸில் போகும்போதே சொல்ல வேண்டியதை மனதுக்குள் தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். வீட்டையும் கோயிலையும் தவிர வேறெங்கும் அவ்வளவு நீளமாகத் தமிழில் கதைத்துப் பதினைந்து வருடமாகியிருந்தது.

ஜபார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து நித்திரையாக இருந்தார். போர்வை ஒரு பக்கம் பாதியில் தட்டையாகிக் கிடந்தது. களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை எறிந்த மனிதர். தலைமாட்டில் மஹ்மூதா இருந்தாள். காலடியில் லெய்லா பாணைப் பிய்த்துத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தாள். அல்பேட் பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையின் நுனியில் இருந்தான்.

“அக்கா, நான் செய்தது மனுசன் செய்யிற வேலையில்ல” என்று தொடங்கினான். “எனக்குப் பயமாயிருந்தது. பயம் எண்டு சொல்லவும் ஏலாது, வெக்கம். என்ட ஆக்களுக்கு முன்னால என்ட பொய் உடைஞ்சிரும் எண்டு வெக்கம். அதுக்காக உங்கட மனுசன்ட கால…”

மஹ்மூதா அவன் பக்கம் திரும்பவில்லை. புருஷனுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

“லெய்லா” என்றாள். “இவரப் போகச் சொல்லு.”

லெய்லா சங்கடத்தோடு அவனைப் பார்த்தாள். “பெரியவாப்பா நித்திர கொள்றாரு, நீங்க இப்ப போய்…” என்று அவனிடம் சொல்லத் தொடங்கினாள்.

“தமிழ்ல இல்ல” என்றாள் மஹ்மூதா. “சிங்களத்தில சொல்லு. அவருக்குத் தமிழ் தெரியா.”

லெய்லா பாணைத் தட்டில் வைத்துவிட்டு, கடைக்கு வருகிறவர்களிடம் கதைக்கும் நல்ல சிங்களத்தில், தயவுசெய்து நீங்கள் இப்போது போகவேண்டும் என்று மரியாதையாகச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அல்பேட் கேட்டுக்கொண்டிருந்தான். அதையே அவள் இரண்டாவது தரமும் சிங்களத்தில் சொன்ன பிறகுதான் எழுந்தான்.